பிரான்சின் நீளமான எல்லை பிரேசிலோடா? சுவர் வரைபடத்தில் எப்படிக் காட்டுவது?

கெடிலக்கரை ஆசிரியை – கேள்வி

வணக்கம். கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துகிறேன். சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஐரோப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பிரான்சுக்கு எந்த நாட்டோடு நீளமான எல்லை என்று கேட்டேன். ஸ்பெயின் என்ற விடையை எதிர்பார்த்தேன். கடைசி வரிசையில் உட்காரும் ஒரு மாணவி எழுந்து, "பிரேசில், டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் அவளை உட்காரச் சொல்லிவிட்டேன். மறுநாள் அவள் ஒரு பொது அறிவுப் புத்தகத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். அதில் பிரேசில் என்றுதான் இருந்தது.

எல்லார் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அது எப்படி என்று அவர்களுக்கு விளக்க என்னால் முடியவில்லை. பள்ளியில் இருக்கும் அட்லஸில் பிரான்சுப் படத்தின் ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாக ஏழெட்டு இடங்கள் இருக்கின்றன. அவையெல்லாம் பிரான்சா, பிரான்சின் காலனிகளா? அங்கே நிலம் எப்படி இருக்கும்? பிள்ளைகளோடு சேர்ந்து வகுப்பறைச் சுவரில் பெரிய படமாக ஒட்ட ஆசை. அங்கே வாழ்ந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள்.


தேர்வுக்குப் படிப்பவன்

மாணவி சொன்னது சரிதான், டீச்சர். தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் பிரெஞ்சு கயானா இருக்கிறது. அது பிரான்சின் ஒரு மாவட்டம். அதற்கும் பிரேசிலுக்கும் இடையே ஏறக்குறைய 730 கிலோமீட்டர் எல்லை. ஸ்பெயினோடு இருப்பது அதைவிட நூறு கிலோமீட்டர் குறைவு. குவாதலூப், மார்த்தினிக், கயானா, ரியூனியன் ஆகிய நான்கும் 1946-இல் மாவட்டங்களாயின. மயோத் 2011-இல் சேர்ந்தது. பிரெஞ்சு பாலினேசியா, நியூ கலிடோனியா போன்றவற்றுக்குத் தனி நிர்வாக முறை. எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால் 12 நேர வலயங்கள். வேறு எந்த நாட்டுக்கும் இத்தனை இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நேரில் பார்த்தவர்கள் எழுதட்டும்.


பழைய சொல்தா

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். புதுச்சேரியில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களைச் சொல்தா என்பார்கள். நான் அவர்களில் ஒருவன். 1962-இல் ஊர் சட்டப்படி இந்தியாவிடம் வந்தபோது என் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை எடுத்துக்கொண்டார். நான் பத்தொன்பது வயதில் படையில் சேர்ந்து இருபத்தைந்து ஆண்டுகள் லாரி ஓட்டினேன். இப்போது ரியூனியன் தீவில் சேன்-லூயி என்ற ஊரில் இருக்கிறேன். மனைவி இந்தத் தீவுக்காரி.

முதலில் அந்தக் கட்டங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னையும் அவைதான் பல வருடம் ஏமாற்றின. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வோர் அளவுகோல் வைத்திருப்பார்கள். அதனால் கயானாவும் ரியூனியனும் அக்கா தங்கை போல ஒரே பருமனில் தெரியும். கயானா 83,500 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. ரியூனியன் 2,512 சதுர கிலோமீட்டர். கன்னியாகுமரி மாவட்டம் ஒன்றரை சேர்ந்தால் இதுதான். கயானாவுக்குள் ரியூனியனை முப்பத்து மூன்று முறை வைக்கலாம். யூரோ நோட்டின் பின்புறத்திலும் ஐரோப்பா படத்துக்குக் கீழே இந்த இடங்கள் சிறு பொட்டுகளாக இருக்கின்றன. உங்கள் பிள்ளைகள் படம் செய்தால் தயவுசெய்து கட்டம் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் வையுங்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

அந்தப் பெண் சொன்ன எல்லைக்கு வருகிறேன். கயானாவில் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். பிரேசில் பக்கம் ஒயாபோக் ஆறு. மேற்கே சூரினாம் பக்கம் மரோனி ஆறு. எந்த ஆறு எல்லை என்று பிரான்சும் பிரேசிலும் இருநூறு வருடம் வழக்காடி, கடைசியில் 1900-இல் சுவிட்சர்லாந்து நடுவராக இருந்து ஒயாபோக் என்று முடித்து வைத்தது. அந்த ஆற்றின் மேல் பாலம் கட்டி வண்டிகளை விட்டது 2017-இல்தான். ஆற்றைத் தாண்டி உள்ளே போனால் எல்லை என்று சொல்வதற்குக் கண்ணுக்கு எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரே காடு.

காட்டை எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். எனக்கு அதிர்ச்சி கடல். ரியூனியனின் நீலத்தைப் பார்த்துவிட்டுப் போனவன் நான். கூரூவில் கடற்கரைக்குப் போனால் தண்ணீர் பாலில்லாத தேநீர் நிறத்தில் கிடந்தது. அமேசான் ஆறு கொண்டுவந்து கொட்டும் சேறு, கரையை ஒட்டியே வடமேற்காக நகர்ந்துகொண்டிருக்கிறது. பெரிய பெரிய சேற்றுத் திட்டுகள் ஆண்டுக்கு ஓரிரு கிலோமீட்டர் நடக்கின்றன. திட்டு வந்து நின்றால் அலையாத்திக் காடு முளைத்துக் கரை முன்னே போகிறது. திட்டு நகர்ந்துவிட்டால் அலை வந்து அந்த மரங்களை வேரோடு சாய்க்கிறது. ஒரு வருடம் மணலாகப் பார்த்த இடத்தை மறு வருடம் முழங்கால் சேறாகப் பார்த்தேன். அந்தக் கரையின் கோட்டை எந்தப் படத்திலும் நிலையாக வரைய முடியாது.

ராக்கெட் தளம் ஏன் கூரூவில் இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நிலநடுக்கோட்டுக்கு 5 பாகைதான் வடக்கே. அங்கே பூமியின் சுழற்சி வேகம் அதிகம்; அது ராக்கெட்டை உந்திவிடுகிறது. கிழக்கே முழுவதும் திறந்த கடல், விழுந்தாலும் யார் தலையிலும் விழாது. 1968-இல் முதல் ராக்கெட் போனது. 2021 கிறிஸ்துமஸ் அன்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியும் அங்கிருந்துதான் கிளம்பியது.

என் லாரி ஓடியதெல்லாம் கயானாவின் தலைநகர் கயேனிலிருந்து சூரினாம் எல்லையில் இருக்கும் சேன்-லோரான் வரை, கரையோரமாக ஏறக்குறைய 250 கிலோமீட்டர். அதோடு பெரிய சாலை முடிந்தது. பிறகு படகு, இல்லையென்றால் சிறு விமானம். மரிப்பசூலா என்று ஓர் ஊராட்சி. பரப்பளவில் பிரான்சிலேயே பெரியது, 18,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். அங்கே வெளியிலிருந்து சாலை கிடையாது. மரோனியில் பாறை தலைநீட்டும் இடங்களை அங்கே 'சோ' என்பார்கள், குதிப்பு என்று பொருள். படகின் முன்னால் ஒருவன் கழியோடு நிற்பான். எஞ்சின் ஓட்டுபவனிடம் ஒரு வார்த்தை பேசமாட்டான், கையைத்தான் அசைப்பான். நான் வாழ்நாள் முழுவதும் வண்டி ஓட்டியவன். அவர்களைப் போல வழி தெரிந்த ஓட்டுநர்களை வேறு எங்கும் பார்க்கவில்லை.

கயேனுக்குத் தெற்கே காக்காவோ என்ற சிற்றூருக்கு ஞாயிறு சந்தைக்குப் போவோம். லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மோங் மக்கள் 1977-இல் அங்கே குடியேறி, காட்டைத் திருத்திக் காய்கறி போட்டார்கள். கயானாவில் எனக்குக் கொத்தமல்லி கிடைத்தது அவர்கள் கையால்.

இனி நான் இருக்கும் தீவு. பாரிஸிலிருந்து 9,400 கிலோமீட்டர், பதினோரு மணி நேர விமானம். மடகாஸ்கருக்குக் கிழக்கே கடலுக்கு அடியிலிருந்து எழுந்த எரிமலை இது. நடுவில் பித்தோன் தே நேஜ் சிகரம், 3,070 மீட்டர். அது ஓய்ந்துபோன மலை. அதைச் சுற்றி மலை சரிந்தும் அரித்தும் உண்டான மூன்று பெரிய பள்ளங்கள்: சிலாவோஸ், சலாசி, மஃபாத். சுற்றிலும் செங்குத்துப் பாறைச் சுவர். உரலுக்குள் நின்று மேலே பார்ப்பது போல இருக்கும். மஃபாத்துக்குச் சாலையே இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் அங்கே வசிக்கிறார்கள். நடந்து போக வேண்டும், சாமான்கள் ஹெலிகாப்டரில் போகும். கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் முதலில் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. சாலை இல்லாததுதான் அன்று அவர்களைக் காப்பாற்றியது.

சிலாவோஸுக்குப் போகும் சாலை என் வீட்டுக்குப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. நானூறுக்கு மேல் வளைவுகள். கொல்லிமலையில் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால், அதைப் போல ஐந்தாறு மடங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஒரு வண்டி மட்டும் நுழையும் குகைப்பாதைகள் இருக்கின்றன. ஒலி எழுப்பிவிட்டு, எதிர்ப்பக்கம் பதில் வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

மழையைச் சொல்லாமல் இந்தத் தீவைச் சொல்ல முடியாது. தென்கிழக்கிலிருந்து வரும் வணிகக் காற்று கிழக்குச் சரிவில் மோதி எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடுகிறது. அந்தப் பக்கம் சில இடங்களில் ஆண்டுக்கு 10 மீட்டருக்கு மேல் மழை. மலைக்கு இந்தப் பக்கம் மேற்குக் கரையில் 1 மீட்டர்கூட இல்லை. புல் காய்ந்து கிடக்கும். முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து வைகைக்குக் கொண்டுவந்தது போல, இங்கேயும் மலைக்குள் சுரங்கம் வெட்டி மேற்குக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். புயல் வந்தால் கணக்கே வேறு. ஒரே நாளில் அதிக மழை பெய்த உலகச் சாதனை இந்தத் தீவுக்குத்தான்: 1966 ஜனவரியில் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர். 2007 பிப்ரவரியில் மூன்றே நாளில் ஏறக்குறைய 3,930 மில்லிமீட்டர் பெய்ததும் இங்கேதான். அந்தப் புயலின்போது நான் வீட்டுக்குள் இருந்தேன். மழைச் சத்தம் மூன்று நாள் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த மனைவியிடம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

அது ஓய்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரலில் மற்ற எரிமலை வெடித்தது. பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். நம் தொட்டபெட்டாவைவிட ஐந்தே மீட்டர் குறைவு. உச்சியில் இருந்த பெரிய வாய் 300 மீட்டருக்கு மேல் உள்ளே இறங்கிவிட்டது. நெருப்புக் குழம்பு தேசிய நெடுஞ்சாலையைத் தாண்டிக் கடலில் விழுந்தது. நான் போய்ப் பார்த்தபோது இரவு. கடல் கொதித்து வெள்ளையாக எழும்பியது. கரையோரத்தில் ஒரு கிழவி ஜெபமாலையோடு நின்றுகொண்டிருந்தாள். மாதக் கணக்கில், மழை பெய்யும்போதெல்லாம் அந்தப் பாறையிலிருந்து ஆவி வந்துகொண்டே இருந்தது. அதன் மேலேயே சாலையைத் திரும்பப் போட்டார்கள். இப்போது அந்த வழியில் போனால் எந்தக் குழம்பு எந்த ஆண்டு வந்தது என்று ஓரத்தில் பலகை இருக்கும். பழைய பாறையில் பெரணி முளைத்திருக்கும், புதியதில் சாம்பல் நிறப் பாசி மட்டும். பாடப்புத்தகத்தில் பாறைச் சிதைவு என்று படிப்பதை வண்டியில் உட்கார்ந்தபடியே வரிசையாகப் பார்க்கலாம்.

காலனியா என்று கேட்டீர்கள். 1946 வரை காலனிதான். அதன் அடையாளம் நிலத்தில் அப்படியே இருக்கிறது: கரையிலிருந்து மலையில் பாதி உயரம் வரை கரும்பு, அதற்கு மேல் ஜெரேனியம், அதற்கு மேல்தான் காடு. 1848 டிசம்பரில் இங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டும் என்று புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். என் மனைவியின் முப்பாட்டன் அப்படி வந்தவர். அவளுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் முருங்கைக் கீரையை இங்கே எல்லாரும் 'முரூங்' என்கிறார்கள், சீனர்களும் வெள்ளையர்களும்கூட. இன்று இங்கே பிறப்பவர் பாரிஸில் பிறப்பவருக்குச் சமமான குடிமகன். அதே வாக்கு, அதே யூரோ. எல்லா இடத்திலும் கேள்வி முடிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். நியூ கலிடோனியாவில் 2018, 2020, 2021 என்று மூன்று முறை விடுதலை பற்றி வாக்கெடுத்தார்கள். மூன்றிலும் பிரான்சோடு இருப்பது என்றே முடிந்தது. கடைசி முறை விடுதலை கேட்பவர்கள் வாக்களிக்கவே போகவில்லை. இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் புரியும்.


லாச்சப்பல் குமரன்

சொல்தா ஐயா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவன், பாரிஸுக்கு வந்து பத்தொன்பது வருடம். ருங்கிஸ் சந்தையில் இருந்து தெற்கே மரக்கறி வண்டி ஓட்டுகிறேன். தொழிலில் நாம் இருவரும் ஒன்று, ஐயா.

டீச்சர், ஐரோப்பாவில் இருக்கும் பிரான்சின் பெருநிலத்தைச் சும்மா ஒரு பச்சை அறுகோணமாக வெட்டி ஒட்டிவிட வேண்டாம். அது மட்டுமே தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்கு. நடுவில் ஓவெர்ஞ் பக்கம் எண்பது அணைந்த எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன, கவிழ்த்த கிண்ணங்கள் மாதிரி, மேலெல்லாம் புல். முதன்முதலாக அந்த வழியால் போனபோது அவை எரிமலைகள் என்று எனக்குத் தெரியாது. அட்லாண்டிக் கரையில் பிலா என்ற மணல்மேடு, நூறு மீட்டருக்கும் மேல் உயரம். ஏறி நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முடிவில்லாத பைன் மரங்கள். இந்த மரங்கள் பெரும்பாலும் மனிதர் நட்டவை. முன்பு அது சதுப்பு நிலம்; ஆடு மேய்ப்பவர்கள் உயரமான பொய்க்கால்களில் நின்று மந்தையைப் பார்த்தார்களாம். 1857-இல் சட்டம் போட்டு நீரை வடித்து மரம் நட்டார்கள்.

எனக்குப் பிடித்த இடம் ரோன் ஆற்றின் கழிமுகம், கமார்க். அங்கே நெல் விளைகிறது. உப்பளம் இருக்கிறது, நாரைகள் இருக்கின்றன, பூநாரைகள் கூட்டமாக நிற்கின்றன. வண்டியை ஓரம் கட்டிவிட்டு வயலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் மிஸ்திரால் என்று ரோன் பள்ளத்தாக்கால் வடக்கில் இருந்து ஒரு காற்று வரும். வெற்று வண்டி என்றால் அன்றைக்கு இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும்.


கெடிலக்கரை ஆசிரியை

ஐயா, குமரன் தம்பி, இருவருக்கும் நன்றி. இன்று வகுப்பில் உங்கள் பதில்களை வாசித்தேன். சேறு நடக்கிறது என்ற இடத்தில் பிள்ளைகள் நிறுத்தி, மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். ஒரே அளவுகோல் என்றால் எவ்வளவு வைக்கலாம்? எங்கள் சுவர் நான்கு மீட்டர்தான்.


பழைய சொல்தா

அம்மா, 1 சென்டிமீட்டருக்கு 50 கிலோமீட்டர் வையுங்கள். பெருநிலம் வடக்கு தெற்காக 20 சென்டிமீட்டர் வரும். கயானா 8 சென்டிமீட்டர். ரியூனியனின் நீளம் ஒன்றே கால் சென்டிமீட்டர். ஒரு புளியங்கொட்டையை ஒட்டினாலே போதும். குவாதலூப்பையும் அந்தப் பருமனில் வைக்கலாம், இரண்டு சிறகாக: மேற்குச் சிறகு எரிமலை, கிழக்குச் சிறகு தட்டையான சுண்ணாம்புக்கல். மார்த்தினிக்கை ஒட்டும்போது 1902 மே 8 என்று பக்கத்தில் எழுதுங்கள். அன்று பெலே மலை வெடித்து சேன்-பியேர் நகரத்தில் ஏறக்குறைய 28,000 பேர் இறந்தார்கள்.

பாரிஸிலிருந்து நூல் பிடித்து அளந்து பாருங்கள். கயானா 140 சென்டிமீட்டர். ரியூனியன் 188. பிரெஞ்சு பாலினேசியாவின் தஹிதித் தீவு 314. உருண்டை உலகத்தைச் சுவரில் விரித்தால் திசைகள் கொஞ்சம் பிசகும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். அமெரிக்கப் பக்கம் இடது, இந்தியப் பெருங்கடல் வலது கீழே என்றால் போதும். பாலினேசியாவுக்கு நான் போனதில்லை. நூற்றுக்கு மேற்பட்ட தீவுகள், எல்லாம் சேர்ந்தாலும் நிலம் 4,000 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அவை சிதறிக் கிடக்கும் கடல் உங்கள் சுவரில் பெருநிலத்தைப் போல இரண்டு மடங்கு நீளம் வரும். அதை ஊசிமுனைப் புள்ளிகளாக வையுங்கள்.

ஒன்று விட்டுப்போகும். அட்லஸ் கட்டங்களில் பெரும்பாலும் இருக்காது: கெர்கெலன். தெற்கே குளிர்ந்த கடலில், ரியூனியனைப் போல மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவான நிலம். நிரந்தரக் குடிகள் யாரும் இல்லை, ஆய்வாளர்கள் மட்டும் மாறி மாறி இருப்பார்கள். எங்கள் துறைமுகத்திலிருந்துதான் மரியோன் துஃப்ரேன் என்ற கப்பல் சாமான் ஏற்றிக்கொண்டு போகும். திரும்பி வருபவர்கள் இறங்கியதும் முதலில் மரத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். அங்கே மரமே கிடையாது, அவ்வளவு காற்று.


கெடிலக்கரை ஆசிரியை

ஐயா, படம் முடிந்தது. பாரிஸைச் சுவரின் நடுவில் வைத்ததால் தஹிதிக்கு இடம் போதவில்லை. நூல் கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போய்விட்டது. எட்டாம் வகுப்பு வாசலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இது என்ன புள்ளி என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். ரியூனியனுக்குப் புளியங்கொட்டைதான், எரிமலைப் பக்கம் சிவப்புப் பொட்டு வைத்து. பிரேசில் என்று சொன்ன மாணவியே ஒயாபோக் எல்லைக் கோட்டை மையால் வரைந்தாள். கயானாவின் கடற்கரையை மட்டும் பென்சிலால் விட்டிருக்கிறாள்.